ஒரே வெளிச்சத்தில் இரண்டு பேர்

துரத்தினார்களாம். யாரை யார் துரத்தினார்கள்? ஐயம்பேட்டைத் தெருக்குழாயடியில் அம்சவேணி வாயைத் திறந்தால் நாலு பேர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறார்கள். பட்டுக்கடைக்காரர் வீட்டுப் பாட்டியின் பழைய படத்துக்கு நிறம் போடச் சொன்னால், இந்தப் பிரவீனா வயிற்றெரிச்சலில் அந்த அம்மாளைக் கறுப்பாக்கிவிட்டாளாம். போதாததற்கு, அதே படத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்த கூலிக்காரியைத் தன் கொள்ளுப்பாட்டி என்று உரிமை கொண்டாடினாளாம். முதலாளி கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாராம். அம்சவேணி, பிரவீனா வேலை பார்த்த அந்த ஸ்டுடியோவின் மாடிப்படியை ஒருநாளும் மிதித்தவள் இல்லை. அவள் கடைசியாகப் படம் எடுத்துக்கொண்டது ரேஷன் கார்டுக்கு. அதிலும் கண்ணை மூடிக்கொண்டாள்.

கொள்ளுப்பாட்டிக் கதையை முதலில் முடித்துவிடலாம். பிரவீனாவின் வீட்டார் அந்தக் காலத்தில் அடுத்தவர் நிலத்தில் சேற்றில் நின்றவர்கள். தறி இருந்த வீடுகளில் அவர்களுக்கு வாசலோடு சரி. இது பிரவீனாவுக்கும் தெரியும், அவள் அம்மா மரியம்மாளுக்கும் தெரியும். பாட்டி எந்த வயலில் நாற்று நட்டாள் என்று கேட்டால் வரப்பைக் கையால் காட்டுவார்கள். ஊரார் படத்திலிருந்து ஒரு பாட்டியை இரவல் வாங்கும் அளவுக்கு அந்த வீட்டில் பாட்டிகளுக்குப் பஞ்சம் வந்துவிடவில்லை.

மரியம்மாளுக்குச் சாயப்பட்டறையில் வேலை. இருபத்திரண்டு வருஷமாகப் பட்டு நூல் கட்டைக் கொதிக்கிற கொப்பரையில் முக்கி, கழியில் மாட்டி, முறுக்கிப் பிழிகிறாள். நகக்கண்ணில் ஒரு வாரம் அரக்கு இருக்கும், மறு வாரம் வாடாமல்லி. சோறு பிசைந்தால் சோற்றுக்குக்கூட நிறம் ஏறுமோ என்று தோன்றும். மகள் அந்தக் கொப்பரைப் பக்கம் வரக்கூடாது என்பது ஒன்றுதான் அவள் வாழ்க்கையில் பிடித்த பிடிவாதம். பன்னிரண்டாவது முடித்த கையோடு பெரிய காஞ்சிபுரத்தில் கோதண்டபாணியின் ஸ்டுடியோவில் மகளைக் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

கோதண்டபாணியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், முப்பது வருஷமாகக் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் உள்ளங்கையில் கல்யாணப் பெண்ணைக் கட்டைவிரல் அளவுக்கு நிற்கவைத்துக் காசு வாங்கியவர். தன்னைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்வார், யாரும் கேட்காமலே. இறந்துபோனவர்களின் கறுப்பு வெள்ளைப் படத்தை யாராவது கொண்டுவந்து கலரில் கேட்டால் அதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். முகத்துக்கு ஒரே ஒரு நிறத்தைக் கம்ப்யூட்டரில் சேமித்து, அதற்கு ‘முகூர்த்தம்’ என்று பெயர் சூட்டியிருந்தார். பால் அதிகமாகிப்போன காப்பி எப்படி இருக்கும், அந்த நிறம். எந்தக் கிழவர் வந்தாலும் முகூர்த்தம், எந்தக் கிழவி வந்தாலும் முகூர்த்தம். ஏகாம்பரநாதர் கோயிலைச் சுற்றி எந்த வீட்டுக் கூடத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தாலும், மாலைக்குள்ளிருந்து அதே காப்பிதான் பார்க்கும். ஊரே ஒரு வயிற்றில் பிறந்து செத்த மாதிரி.

பிரவீனா முதல் இரண்டு வருஷம் பாஸ்போர்ட் படம் வெட்டினாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பழைய படத்துக்கு நிறம் ஏற்றும் வேலையைத் தானாகவே படித்துக்கொண்டாள். அதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். பழைய படத்தின் வெளிச்சமும் நிழலும் அடியில் அப்படியே இருக்கும். அதன்மேல் கண்ணாடித் தாள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படலம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தைப் பூச வேண்டும். முகம் என்பது ஒரே நிறம் இல்லை என்பதை அவள் அப்போதுதான் கண்டுகொண்டாள். நெற்றியில் லேசாக மஞ்சள் ஓடும். மூக்கு நுனியிலும் விரல் முட்டியிலும் சிவப்பு இருக்கும். கண்ணுக்குக் கீழே நீலம் தட்டும். இதையெல்லாம் வைத்தால்தான் படத்தில் இருப்பவர் மூச்சு விடுவார். வைக்காவிட்டால் கொலு பொம்மைதான்.

அவளிடம் இன்னொரு வழக்கம் உண்டு. படத்தில் இருப்பவரின் மகனோ பேத்தியோ வந்தால், கையை நீட்டச் சொல்லி, திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பாள். ரத்தம் எங்கே போகும், நிறமும் அங்கேதான் போகும் என்பது அவள் கணக்கு. திருப்புட்குழியிலிருந்து வந்த ஒரு பாட்டி தன் அம்மா படத்தைக் கொண்டுவந்து, கையை நீட்டி, அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். படம் முடிந்ததும் பார்த்துவிட்டு, “எங்கம்மாவுக்கு வெய்யில்ல நின்னா காது செவந்துக்கும்னு உனுக்கு யாரு சொன்னது?” என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை. படத்தில் காதுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது, அவ்வளவுதான். கோதண்டபாணி இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அடுத்த வாரமே, ‘தத்ரூபக் கலர்’ என்று வாசலில் போர்டு வைத்துக்கொண்டார். போர்டில் அவருடைய பெயர் இருந்தது.

அந்தப் போர்டைப் பார்த்துத்தான் குமாரசாமி வந்தார். கடைவீதியில் மூன்று மாடிப் பட்டுக்கடை அவருடையது. கடைக்கு எழுபத்தைந்தாவது வருஷமாம், அதைக் கொண்டாட வேண்டுமாம். கூடவே மகன் லோகேஷ். வெளியூரில் வியாபாரப் படிப்புப் படித்துவிட்டு வந்த பிள்ளை, கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு ‘ஹெரிடேஜ் வால்’ வைக்கப் போவதாகச் சொன்னான். அதற்கு ஒரு படம் கொண்டுவந்திருந்தார்கள். அறுபது வருஷத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படம். குழித்தறியில் குமாரசாமியின் பாட்டி காமாட்சியம்மாள் உட்கார்ந்து நெய்கிறாள். வலப்பக்கம், தொடையோடு தொடை இடிக்க, இன்னொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த இன்னொரு பெண் யார் என்று பிரவீனா கேட்டாள். யாரோ கோர்வைக்கு வந்தவள் என்றார் குமாரசாமி. பெயர் தெரியாது, தேவையும் இல்லை.

கோர்வை என்றால் காஞ்சிபுரத்தில் குழந்தைக்கும் தெரியும். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் நெய்யும்போதே கோத்து வாங்க வேண்டும். அதற்கு, நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா மூன்று தறியில் ஓடியாக வேண்டும். நெய்கிறவருக்கு இருப்பது இரண்டு கை. ஆகவே பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவை எறிந்து கொடுத்தால்தான் புடவை நகரும். அந்தப் படத்திலும் அந்தப் பெண்ணின் விரலிலிருந்து நாடா அப்போதுதான் புறப்பட்டிருந்தது.

பிரவீனா பதினோரு நாள் அந்தப் படத்தோடு உட்கார்ந்தாள். புடவைகளுக்கு நிறம் தெரியாமல் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு சாயப்பட்டறைக்கே போனாள். மரியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். தறியில் ஓடுவது அரக்கு உடலும் மாம்பழ மஞ்சள் கரையுமாகத்தான் இருக்கும் என்றாள். இரண்டு பேரும் கட்டியிருப்பது பட்டே இல்லை, கைத்தறி நூல் புடவை, நெய்கிறவள் எங்கே பட்டு கட்டினாள் என்றும் சொன்னாள். அதையும் அப்படியே போட்டாள் மகள்.

தோலுக்கு வந்தபோதுதான் விஷயம் வந்தது. படத்தில் எந்த இடத்திலும் சுட்டியை வைத்தால், அந்த இடம் எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெளுப்பு என்று கம்ப்யூட்டர் எண்ணாகச் சொல்லும். காமாட்சியம்மாளின் முழங்கையில் வைத்தாள். கோர்வைக்காரியின் முழங்கையில் வைத்தாள். ஒரே வாசலிலிருந்து வந்த ஒரே வெளிச்சம், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கை. எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றேதான். சொல்லப்போனால் கோர்வைக்காரி ஒரு இழை வெளுப்பு. பிரவீனா இரண்டு பேருக்கும் ஒரே நிறத்தை ஏற்றினாள். ஈரமண் நிறம். முட்டியில் கொஞ்சம் சிவப்பு, கழுத்தில் வியர்வையின் பளபளப்பு. காமாட்சியம்மாள் அப்போதே நாடாவை வாங்கி அடுத்த இழையை ஓட்டுவாள் போலிருந்தது.

குமாரசாமி வந்து பார்த்தார். லோகேஷ்தான் படம் சூப்பராக இருப்பதாகவும், ஆனால் ஸ்கின் டோன் கொஞ்சம் கவனிக்க வேண்டியிருப்பதாகவும் இழுத்தான். தன் பாட்டி எலுமிச்சம்பழம் மாதிரி இருப்பாள் என்றார் குமாரசாமி. பாட்டி செத்தபோது அவருக்கு வயது நாலு.

“சார், கொஞ்சம் கைய இப்பிடி நீட்டுங்க” என்றாள் பிரவீனா.

எல்லோரிடமும் கேட்பதைப்போலத்தான் கேட்டாள், குத்தல் ஒன்றும் இல்லை. குமாரசாமியும் பழக்கதோஷத்தில் நீட்டிவிட்டார். மூன்று மோதிரம் போட்ட கை. திரையில் இருந்த முழங்கைக்குப் பக்கத்தில் அது போய் நின்றதும், இரண்டுக்கும் வித்தியாசம் காட்ட முடியவில்லை. அவர் கையை வெடுக்கென்று இழுத்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார். அந்தக் கை அன்று பூராவும் வெளியே வரவில்லை.

அவர்கள் போனபின் கோதண்டபாணி ஆடிய ஆட்டத்தைச் சொல்லி மாளாது. ஊர் பெரிய மனிதரின் கையைப் பிடித்து நிறம் பார்க்க இவள் யார், மாட்டுத் தரகா செய்கிறாள் என்றார். வெளுக்க வை என்றார். இந்த ஆர்டர் போனால் இந்த நாற்காலியும் போகும் என்றார். பிரவீனாவின் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அந்த நாற்காலி போனால் அவள் கற்றுக்கொண்ட வேலை அத்தனையும் விரலுக்குள்ளேயே கிடந்து மக்க வேண்டியதுதான். அது தெரிந்துதான் அவர் சொன்னார்.

அவள் வெளுக்க வைத்தாள். ஏன் வைத்தாள் என்று கேட்பவர்கள் மாதச் சம்பளம் வாங்காதவர்கள். எலுமிச்சம்பழம் கேட்டார்கள், எலுமிச்சம்பழம் கொடுத்தாள். ஆனால் இரண்டு கைக்கும் ஒரே அளவு. காமாட்சியம்மாளுக்கு எவ்வளவு ஏற்றினாளோ, அதையே கோர்வைக்காரிக்கும் ஏற்றினாள்.

குமாரசாமி மறுபடி வந்தார். இந்த முறை பாட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கண் அப்படியே வலப்பக்கம் நகர்ந்ததும் மலர்ந்தது சுருங்கியது.

“கோர்வைக்காரிய எதுக்கும்மா வெளுக்க வெச்ச?”

“ரெண்டு பேரும் ஒரே வெளிச்சத்துல உக்காந்துக்கினு இருக்காங்க சார். ஒருத்தர ஏத்துனா இன்னொருத்தரும் ஏறுவாங்க. எறக்குனா ரெண்டு பேரும் எறங்குவாங்க.”

“வீட்டுக்கார அம்மாவும் கூலிக்கு வந்தவளும் ஒண்ணா?”

“எனக்குத் தெரியாது சார். படத்துல ஒண்ணாத்தான் இருக்குது.”

இதுதான் அவள் பேசியது. இதில் கொள்ளுப்பாட்டி எங்கே வருகிறாள், சாதி எங்கே வருகிறது? வந்தது குமாரசாமியின் தலைக்குள் மட்டும்தான். அவர் கடைக்குப் போய் வாய்விட்டார், கடைச் சிப்பந்தி ஷேர் ஆட்டோவில் சொன்னான், ஆட்டோ ஐயம்பேட்டை வந்து சேர்வதற்குள் ஒரு கொள்ளுப்பாட்டி பிறந்து வளர்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை மரியம்மாள் மகளுக்குச் சோற்று டப்பா கட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். செத்துப்போன கிழவியை வெளுக்க வைத்தால் கிழவிக்குத் தெரியப்போகிறதா? உனக்கு ஏதாவது குறையப்போகிறதா? அவர்கள் கேட்பதைக் கொடுத்துவிட்டு நீ நிழலில் உட்கார்.

“ஒருத்திய மட்டும் வெளுக்க வெக்கச் சொல்றாங்கம்மா.”

“அப்பிடித்தான்டி சொல்லுவாங்க. புதுசா?”

“அந்தக் காமாட்சியம்மா அவ பக்கத்துல இடிச்சிக்கினு உக்காந்துக்கினு இருக்குது. அதுக்கே அது பெருசா தெரியல. இவங்களுக்குத் தெரியுது.”

மரியம்மாள் கொஞ்ச நேரம் டப்பாவின் மூடியையே அழுத்திக்கொண்டிருந்தாள். பிறகு, “வேலைய உட்டா எங்கூட கொப்பரைக்குத்தான் வரணும். கை போயிடும்” என்றாள். பிரவீனா டப்பாவை வாங்கிப் பையில் வைத்தாள். பின்னலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போனாள். அன்று வியாழக்கிழமை.

பதினொரு மணிக்கு அப்பாவும் பிள்ளையும் மூன்றாவது முறையாக மாடி ஏறி வந்தார்கள். லோகேஷ் ஒரு முடிவோடு வந்திருந்தான். ஏற்றுவதும் வேண்டாம், இறக்குவதும் வேண்டாம், அந்தப் பெண்ணைப் படத்திலிருந்தே எடுத்துவிடலாம். பாட்டி மட்டும் தனியாக இருந்தால் ‘கிளீன் லுக்’ கிடைக்கும். இப்போதெல்லாம் ஒரு பட்டனில் ஆள் மறைந்துவிடுவார், பின்னால் சுவரை அதுவே நிரப்பிக்கொள்ளும் என்று பிரவீனாவுக்கே பாடம் எடுத்தான். கோதண்டபாணி, இதுவல்லவா யோசனை என்று தலையை ஆட்டினார்.

பிரவீனா திரும்பி உட்கார்ந்தாள்.

“அந்தக் கை போயிட்டா நாடாவ யாரு எறியறது சார்?”

யாருக்கும் புரியவில்லை. கடைவீதியில் மூன்று மாடி, பாட்டி நெய்த புடவை என்று பரம்பரை விளம்பரம், கோர்வைக்கு எத்தனை கை வேண்டும் என்பது மட்டும் குமாரசாமிக்குத் தெரியவில்லை. தறிக்குழியில் காலை விட்டிருந்தால்தானே தெரியும். சாயப்பட்டறைக்காரி மகள் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது: கரை தனி நாடா, தனி ஆள், பாட்டி ஒருத்தியால் அந்தப் புடவையை நெய்திருக்கவே முடியாது.

“அதையெல்லாம் யாரும்மா நின்னு பாக்கப் போறா” என்றார் குமாரசாமி.

பிரவீனா அவரை ஒரு பார்வை பார்த்தாள். கூடையில் இருக்கும் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்து, ஓட்டையைக் கண்டதும் வைத்துவிடுவோமே, அந்தப் பார்வை.

யார் பார்க்கப் போகிறார்கள் என்றாரே, பார்த்தார்கள். ஆளை எடுக்கும் அந்த வேலையைப் பிறகு கோதண்டபாணியே தன் கையால் செய்து கொடுத்தார், பத்தே நிமிஷத்தில். கடை வாசலில் விளக்குப் போட்டு வைத்தார்கள். காமாட்சியம்மாள் எலுமிச்சம்பழ நிறத்தில், மேலே ஜரிகைப் பட்டு சுற்றிக்கொண்டு, தன்னந்தனியாக நெய்கிறாள். வலப்பக்கம் ஆளே இல்லாத இடத்திலிருந்து ஒரு நாடா புடவைக்குள் தானாகப் பாய்கிறது. புடவை கொடுக்க வருகிற நெசவுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் முதலாளிக்கு வணக்கம் வைத்து, வெளியே வந்து டீக்கடைத் திருப்பத்தைத் தாண்டியபிறகுதான் சிரிக்கிறார்கள். அதையும் பிரவீனாதான் வேண்டுமென்று செய்தாள் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அந்த நாடா பறந்த நேரத்தில் அவள் அந்த மாடியிலேயே இல்லை.

அந்த வியாழக்கிழமை நடந்தது இவ்வளவுதான். குமாரசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு, வேலை முடியும்வரை பக்கத்திலேயே இருந்து பார்த்துவிட்டுப் போவதாக உட்கார்ந்துகொண்டார். கோதண்டபாணி பிரவீனாவிடம், “கீழ போயி மூணு டீ சொல்லிட்டு வந்துடு. வந்து உக்காந்து அவள எடுத்துட்டுத்தான் வேற வேலை” என்றார். மூன்று டீ என்றால் அவருக்கு, அப்பாவுக்கு, பிள்ளைக்கு.

பிரவீனா எழுந்தாள். படத்தைச் சேமித்தாள். அதில் இரண்டு பேரும் ஈரமண் நிறத்தில், முதன்முதலில் அவள் போட்டபடியே இருந்தார்கள். எலுமிச்சம்பழத்தை அவள் தனியாகத்தான் வைத்திருந்தாள். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் செருகினாள். முதலாளி தேடித் தவிக்கக் கூடாதாம். பெண்ணுக்கு அவ்வளவு நல்ல மனசு. ஏசி அறைக்குள் தூசி வரும் என்று வேலையாட்களின் பையையும் செருப்போடு வெளியேதான் வைக்கச் சொல்வார் கோதண்டபாணி. அது அன்றைக்கு வசதியாகப் போயிற்று. செருப்பை மாட்டி, பையைத் தோளில் போட்டு, படி இறங்கினாள். கூச்சல் இல்லை, அழுகை இல்லை. கழுத்தைப் பிடித்த கையும் இல்லை. கழுத்தைப் பிடிக்க வேண்டியவர் உள்ளே உட்கார்ந்து டீக்குக் காத்திருந்தார்.

கீழே டீக்கடையில், “மேல மூணு டீ அண்ணா, ஒண்ணுல சக்கர வேணாம்” என்று சொன்னாள். கோதண்டபாணிக்குச் சர்க்கரை வியாதி. பிறகு ரோட்டைத் தாண்டிப் போய் ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் ஏறி, உள்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். மத்தியான வெயில், வண்டி நிரம்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் டீ மேலே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. பக்கத்தில் பூக்கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள், எடுத்துப் பேசும்மா, ஏதாவது அவசரமாக இருக்கப் போகிறது என்றாள்.

“டீ வந்துடுச்சின்னு சொல்லுவாங்க, ஆயா” என்றாள் பிரவீனா. வண்டி கிளம்பியது.